செய்கை எங்கே, தம்பி?

கணித வாத்தியாருக்கு விடை பெரிய சங்கதி இல்லை. அது புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சடித்தே கிடக்கிறது. பிள்ளையின் கை எந்த வரியில் நின்றுபோனது, ஏன் நின்றது என்பதைத்தான் அவர் நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார். 1984 இல் முதல் நியமனக் கடிதத்தோடு நான் வகுப்பறைக்குள் போனேன். 2018 இல் அறுபது வயதாகி ஓய்வு. நடுவில் வலிகாமத்துப் பாடசாலைகள் பல, பெரும்பாலும் சுன்னாகத்தைச் சுற்றியவை. இப்போதும் வீட்டு விறாந்தையில் வாங்கு போட்டு தரம் 10, 11 பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை காலத்தில் ரோனியோ, போட்டோக்கொப்பி, ரியூசன் கொட்டிலின் மைக், கணினி, புரொஜெக்டர், ஸ்மார்ட் போர்ட், சூம், வட்ஸ்அப் எல்லாம் வந்தன. இப்போது, கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித் தரும் போன் வந்திருக்கிறது. அநேகமானவை மங்கள விளக்கேற்றி, நாடா வெட்டி, இனிமேல் கற்பித்தல் மாறிவிடும் என்ற பேச்சோடு வந்தவை. நான் எல்லாவற்றையும் ஒரே கேள்வியால்தான் அளந்தேன். இதற்குள்ளால் பார்த்தால் பிள்ளையின் செய்கை தெரிகிறதா, மறைகிறதா?

நான் தொடங்கிய காலத்தில் கற்பித்தல் சாதனம் என்றால் கரும்பலகை, வெண்கட்டி, மரக் கவராயம், மரப் பாகைமானி. கவராயத்தில் வெண்கட்டியைப் பிடிக்கும் தகடு எப்போதும் தளர்ந்தே இருக்கும். ஆகவே நூலின் ஒரு நுனியில் வெண்கட்டியைக் கட்டி, மறுநுனியைப் பெருவிரலால் பலகையில் அழுத்திக்கொண்டு வட்டம் கீறப் பழகினோம். பலகை வெளிறினால் பழைய பற்றரியை உடைத்துக் கரியெடுத்து, கோவை இலைச் சாற்றில் குழைத்து வெள்ளிக்கிழமை பின்னேரம் பூசிவிட்டுப் போவோம். திங்கட்கிழமை முதற்பாடத்துக்கு அது காய்ந்து கிடக்கும்.

என் முதல் பாடசாலையில் எனக்கு மூத்த மாஸ்டர் ஒருவர் இருந்தார். என் வகுப்பை யன்னலால் பார்த்துவிட்டு, இடைவேளையில் கூப்பிட்டார். "தம்பி, பலகைக்கு முன்னாலை நிண்டால் உமக்கு உம்மடை எழுத்துத்தான் தெரியும். பின் வாங்கிலை போய் இரும்" என்றார். அவர் செய்வதும் அதுதான். கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு வெண்கட்டியை ஒரு பிள்ளையிடம் கொடுப்பார். தான் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துவிடுவார். பிள்ளை எழுதிக்கொண்டு போகும். ஓர் இடத்தில் வெண்கட்டி நிற்கும். அவர் வாயே திறக்கமாட்டார். வகுப்பு முழுதும் அந்த இடத்தைப் பார்க்கும். பிறகு யாராவது ஒருவன், "சேர், அவன் சமன்பாட்டின்ரை மற்றப் பக்கத்தைப் பெருக்கேல்லை" என்பான். பாடம் அங்கிருந்துதான் தொடங்கும். ஆசிரியப் பயிற்சியில் எனக்கு நிறையச் சொல்லித் தந்தார்கள். தொழிலை நான் படித்தது அந்தப் பின் வாங்கில்தான்.

மடக்கை அட்டவணையைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும், பின்னால் அது திரும்பவும் வரும். கூம்பின் கனவளவு, கோளத்தின் ஆரை எல்லாவற்றுக்கும் அந்த மெல்லிய புத்தகத்தை விரித்து, விரலை நிரையிலும் நிரலிலும் ஓடவிட்டு எண்ணை எடுக்கவேண்டும். கல்குலேற்றர் ஊருக்குள் வந்து எத்தனையோ காலம். பாடத்திட்டத்துக்குள்ளும் அதற்கு இடம் கொடுத்தார்கள். சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் மட்டும் அதைக் கொண்டுபோக முடியாது. வகுப்பறைக்குள் எந்தக் கருவி நிலைக்கும், எது அலுமாரிக்குள் போகும் என்பதைத் தீர்மானிப்பது கண்டுபிடித்தவரும் இல்லை, அன்பளிப்புச் செய்தவரும் இல்லை. பரீட்சைத் திணைக்களம். வெளியிலிருந்து கல்வி பற்றிப் பேச வருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தவணைப் பரீட்சை வந்தால் ரோனியோ. ஸ்டென்சில் தாளில் எழுத்தை ரைப் பண்ணிவிடலாம், கேத்திரகணிதப் படத்தை என்ன செய்வது? இரும்பு எழுத்தாணியால் கையால்தான் கீறவேண்டும். கவராயத்தின் ஊசி பட்ட இடத்தில் ஸ்டென்சில் கிழியும், அச்சில் மையம் ஒரு பெரிய மைப்பொட்டாக விழும். அதற்காகப் போத்தல் மூடியை வைத்துச் சுற்றிக் கீறினோம். வினாத்தாளில் உள்ள வட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்து "சோடா வட்டம்" என்று சிரிப்பார்கள்.

அச்சு என்றால் சுன்னாகத்துக்குப் புதிதில்லை. திருமகள் அழுத்தகம் இங்கேதான் இருந்தது. நா. பொன்னையா அங்கிருந்துதான் கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளோடு தொல்காப்பியத்தை 1937 முதல் அச்சிட்டு வெளியிட்டார். வட இலங்கைத் தமிழ்நூற் பதிப்பகத்தின் பாடப்புத்தகங்களில் சுன்னாகம் என்று போட்டிருக்கும். 1980 இல் அரசாங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பாடநூல் கொடுக்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே, புத்தகம் என்ற கருவியை இந்தச் சந்தை ஊர் செய்து அனுப்பியிருக்கிறது. அந்தப் பழைய நூல்களில் பலவற்றை இப்போது நூலகம் இணையத்தளத்தில் பார்க்கிறேன். 2005 இல் தொடங்கிய அந்த வேலைக்கு நான் மனதுக்குள் கும்பிடு போடாத நாள் குறைவு. கணினியால் எனக்குக் கிடைத்த நன்மைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் முதலிடம் அதற்குத்தான், வகுப்பறைக்குள் நடந்த எதற்கும் இல்லை.

1990 இல் சண்டை திரும்பவும் மூண்டது. மின்சாரம் நின்றது. சுன்னாகத்தில்தான் குடாநாட்டின் மின் நிலையம் இருக்கிறது. அதன் மதிலோடு ஒட்டிய வீட்டுப் பிள்ளையும் ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தது. போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு குடிக்கும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், கம்பியில் தொங்கும் சிறு திரி. மண்ணெண்ணெய், பற்றரி, கடதாசி எல்லாம் தடைக்குள்ளும் தட்டுப்பாட்டுக்குள்ளும் போயின. உதயன் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தது. ரோனியோவுக்கு மையும் இல்லை, தாளும் இல்லை. பலகைக்குப் பூசக் கரி எடுக்கவும் பற்றரி இல்லை.

கொப்பியைச் சேமிப்பதற்காகப் பிள்ளைகள் முதலில் பென்சிலால் எழுதினார்கள். அது நிரம்பியதும் அதன் மேலே பேனையால் எழுதினார்கள். இரண்டு கணக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் தாளைத் திருத்துவது தனிக் கலை. பென்சிலில் செய்த பழைய பிழை மைக்கு அடியில் தெரியும். ஒரே பிள்ளை இரண்டு மாத இடைவெளியில் ஒரே இடத்தில் சறுக்கியிருப்பது அப்படித்தான் கண்ணில் பட்டது.

இப்படிச் சொன்னதும் சிலர், "அந்தக் காலத்திலைதானே சேர் பிள்ளையள் படிச்சவை" என்று தொடங்குவார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. விளக்குப் புகையில் கண் எரிந்து, வாசிக்க முடியாமல் இடையில் நின்ற பிள்ளைகளை யாரும் எண்ணி வைக்கவில்லை. குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய பிறகு, மிச்சத் தேற்றத்தை நிறுவும்படி யாரைக் கேட்பது?

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அங்கே காலையில் அந்த ஊர்ப் பாடசாலை, பின்னேரம் எங்களுடையது. கட்டடத்துக்குள் இடம் காணாத வகுப்புகள் மாமரத்துக்குக் கீழே நடந்தன. பலகைக்கும் பஞ்சம். மண்ணில் தடியால் முக்கோணி கீறினோம். மண்ணில் கீறும்போது பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கலாம், யாரும் பின் வாங்கில் இல்லை. மழை வந்தால் பாடமும் போய்விடும். 1996 ஏப்ரலில் திரும்பி வந்தபோது கூரைகளும் இல்லை, வாங்கு மேசைகளும் இல்லை.

அதற்குப் பிறகு கறண்ட் கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் வைத்து வந்தது. கறண்ட் வந்ததும் எங்கள் ஊரில் கல்விக்குள் முதலில் நுழைந்த இயந்திரம் கணினி இல்லை. மைக். ரியூசன் கொட்டில்கள் பெருத்து, நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நெருங்கி உட்காரும் மண்டபங்களாகின. பேர்பெற்ற மாஸ்டர் மேடையில் நின்று மைக்கில் படிப்பிப்பார். அவர் சொல்வது கடைசி வரிசைக்கும் கேட்கும். கடைசி வரிசையில் இருப்பவன் எழுதுவது அவருக்குத் தெரியாது. அதோடு சேர்ந்து போட்டோக்கொப்பிக் கடைகள். மாஸ்டரின் குறிப்பு, கடந்தகால வினாத்தாள்களின் விடை, எல்லாம் தைத்துக் கட்டிய கொப்பியாகக் கிடைத்தன. பாடசாலையில் நான் ஒரு கணக்கைக் கொடுத்தால் பிள்ளை தலை நிமிராமல் எழுதி முடித்துவிடும். செய்கை சுத்தமாக இருக்கும். எண்ணை மாற்றிக் கொடுத்தால் பேனை அசையாது. அடுத்தவனின் செய்கையை மனப்பாடம் செய்யும் வழக்கம் போனோடு வந்தது என்று இன்று பலர் புலம்புகிறார்கள். அது போட்டோக்கொப்பியோடு வந்தது. நான் சாட்சி.

2002 இல் யுத்தநிறுத்தம். ஏ9 பாதை திறந்தது. வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர்கள் வந்தார்கள், கணினிகளும் வந்தன. கணினி அறைக்கு யன்னல் சீலை, குளிரூட்டி, வாசலில் செருப்புக் கழற்றும் இடம். சாவி அதிபரின் லாச்சியில். எங்கள் வகுப்பறைகளில் மின்விசிறி கூட இல்லாத காலத்தில், கணினிகள் மட்டும் குளிரில் இருந்தன. ஓர் இயந்திரத்துக்கு மூன்று பிள்ளைகள், கீபோட் ஒருவன் கையில், மற்ற இருவரும் அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் ஆசிரியர்களுக்கு அதனால் ஒரு விடுதலை கிடைத்தது. வினாத்தாள் தயாரிக்க ஸ்டென்சில் கிழிக்கத் தேவையில்லை. பாமினி எழுத்துருவில் ரைப் பண்ணப் பழகினோம். அந்தத் தட்டெழுத்து இன்னும் என் விரலில் இருக்கிறது. யூனிகோட் வந்தபிறகு பழைய வினாத்தாள்களைத் திறந்தால், எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகின்றன. எத்தனை ஆசிரியர்களின் உழைப்பு அப்படிக் கிடக்கிறதோ.

யுத்தம் முடிந்தபின் புரொஜெக்டர், ஸ்மார்ட் போர்ட், திறன் வகுப்பறை. நான் படிப்பித்த இடங்களில் ஒன்றில், கொடை தந்தவர்களின் பெயர்ப்பலகை ஸ்மார்ட் போர்ட்டை விடக் கூடுதல் காலம் பளபளத்தது. விளக்கு எரிந்துபோனால் புதியது வாங்க விலை கேட்டுத் தலை சுற்றியது. வாங்கிக் கொடுக்க ஆள் உண்டு, பராமரிக்கக் காசு ஒதுக்க ஆள் இல்லை. பிறகு அதன் மேல் கூட்ட அறிவித்தல் ஒட்டினார்கள்.

ஆனால் வேலை செய்த காலத்தில் அது செய்த ஒன்றை மறக்கமாட்டேன். தொடலிக்கும் நாணுக்கும் இடைப்பட்ட கோணம் ஒன்றுவிட்ட துண்டத்திலுள்ள கோணத்துக்குச் சமன் என்ற தேற்றம். எத்தனை ஆண்டுகள் அதை நூல் கட்டி வட்டம் கீறி நிறுவினேன். பிள்ளைகள் எழுதினார்கள், பலர் நம்பவில்லை. ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளில் அதே படத்தைப் போட்டு, பரிதியில் உள்ள புள்ளியை இழுத்துக் காட்டினேன். புள்ளி ஓடுகிறது, முக்கோணி நீள்கிறது, சரிகிறது, கோணம் மட்டும் அசையாமல் நிற்கிறது. "சேர், இன்னொருக்கா இழுங்கோ" என்று வகுப்பே கத்தியது. பின்வரிசைப் பெடியன் ஒருவன் எழும்பி வந்து, தானே இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். அது கரும்பலகையால் முடியாத காரியம். அதை நான் எங்கேயும் ஒப்புக்கொள்வேன்.

அடுத்த கிழமையே இருபடிச் சார்பு. திரையில் குணகத்தை மாற்றப் பரவளைவு மேலும் கீழும் வழுக்கியது, திரும்பற் புள்ளி ஓடியது, எல்லோருக்கும் விளங்கிற்று. வரைபுத்தாளைக் கொடுத்து அட்டவணை போட்டு வரையச் சொன்னேன். கால்வாசிப் பேர் புள்ளிகளை அடிமட்டம் வைத்து நேர்கோடாக இணைத்திருந்தார்கள். திரையில் வளைகோடு எந்தக் கையும் படாமல் தானாக வந்து விழுந்தது. கை அதை ஒருநாளும் வளைத்துப் பார்க்கவில்லை. அன்று முதல் ஓர் ஒழுங்கு வைத்தேன். முதலில் தாளில் கீறு, பிறகுதான் திரை. திரை, பிள்ளை கீறியதைச் சோதிக்க வரட்டும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடின. நான் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகியிருந்தது. அரசாங்கம் நேத்ரா தொலைக்காட்சியில் குருகுலம் என்ற பாட நிகழ்ச்சியை நடத்தியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் தாய் வேலியால் எட்டிக் கேட்டார்: "மாஸ்டர், எங்கடை பிள்ளையளுக்குப் போனிலை ஏதாவது சொல்லிக் குடுக்க ஏலாதோ?" பேரப்பிள்ளை சூம் போட்டுத் தந்தது. அதுவரை நான் செய்ததில் மிக மோசமான படிப்பித்தல் அந்தச் சூம் வகுப்புகள்தான். திரையில் பெயர் எழுதிய கறுப்புச் சதுரங்கள். "விளங்குதோ?" என்றால் "ஓம் சேர்" என்று எங்கிருந்தோ ஒரு குரல், அதற்குப் பின்னால் சேவல் கூவும் சத்தம். பின் வாங்கும் இல்லை, முன் வாங்கும் இல்லை, எழுதும் கை எதுவும் தெரியவில்லை. இதைவிட ரியூசன் மைக் மேல்.

ஆகவே சூமை விட்டேன். பின்னேரம் வட்ஸ்அப்பில் இரண்டு கணக்கு மட்டும் அனுப்பினேன். செய்து, கொப்பியைப் படமெடுத்து அனுப்பவேண்டும். வெட்டியதை அழிக்கக் கூடாது, வெட்டியபடியே இருக்கவேண்டும். அதன் பிறகு நடந்தது நான் எதிர்பாராதது. என் தொழிலில் முதல் தடவையாக ஒவ்வொரு பிள்ளையின் செய்கையும், ஒவ்வொரு நாளும், தனித்தனியாக என் கையில் இருந்தது. நாற்பது பேர் வகுப்பில் ஒரு பாடவேளைக்குள் எத்தனை கொப்பியை எட்டிப் பார்க்க முடியும்? வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை, பின்னங்களில் குறியை மாற்றும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தது. தனக்குத்தானே போட்டது. யாரிடமும் அது கேட்டதில்லை. நான் அந்த இடத்தை வட்டமிட்டு, குரல்பதிவில் விளக்கம் அனுப்பினேன். "விளங்கிட்டுது சேர்" என்று பதில் வந்தது. மூன்று வருடம் ஒரே வகுப்பறையில் இருந்திருந்தாலும் அந்தக் கேள்வி எனக்கு வந்து சேர்ந்திருக்குமா, தெரியவில்லை.

படங்கள் வரும் நேரத்தைப் பார்த்தே வீட்டு நிலைமை தெரியும். சிலருடையது நாலு மணிக்கு வரும். சிலருடையது இரவு எட்டுக்குப் பிறகுதான், தகப்பன் கூலிவேலை முடித்துப் போனோடு வீடு திரும்பிய பிறகு. ஒரு போன், மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்பு. டேட்டா போட்ட கிழமை படம் வரும், போடாத கிழமை வராது. 2021 யூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. ஆசிரியர்களும் தங்கள் போனையும் தங்கள் டேட்டாவையும் வைத்துத்தான் படிப்பித்தார்கள். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

2022 இல் எரிபொருள் இல்லை, கடதாசி இல்லை, நாளில் பாதிக்கு மேல் கறண்ட் இல்லை என்றாகியபோது கொழும்பு நண்பர்கள் பதறிப்போய்ப் போன் எடுத்தார்கள். எங்கள் பக்கத்துத் தாய்மார் கொப்பித்தாளை இரண்டாக மடித்துப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜாம் போத்தல் விளக்கு செய்யத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். மண்ணெண்ணெய்தான் இல்லை.

சுவீடனில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, அங்கே 2023 இல் அரசாங்கம் அச்சுப் புத்தகங்களுக்குத் திரும்பவும் காசு ஒதுக்கியதைச் சொல்லி, "பார்த்தீங்களே சேர், நீங்கள் சொன்னது சரி" என்றாள். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர்கள் எல்லாப் பிள்ளைக்கும் கணினி கொடுத்த பிறகு யோசிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் அந்த இடத்துக்குப் போகவே இல்லை.

இப்போது விறாந்தைக்கு வரும் பிள்ளைகளின் கையில் போன் இருக்கிறது. பாடசாலைக்குள் கொண்டுபோகக் கூடாது, என்னிடம் வரும்போது கொண்டுவருவார்கள். கணக்கைப் படமெடுத்தால் விடை மட்டுமில்லை, செய்கையும் வரி வரியாக வருகிறது, தமிழிலும் வருகிறது. என் ஆயுதமே பறிபோனது போலத்தான் முதலில் இருந்தது. "செய்கை எங்கே, தம்பி?" என்று கேட்டால், போனை நீட்டுகிறான்.

தடை போட்டுப் பயனில்லை என்று கண்டபின் வேறு வழிக்குப் போனேன். போனின் செய்கையைக் கொப்பியின் இடப்பக்கம் எழுதச் சொல்கிறேன். வலப்பக்கம் பரீட்சையில் எழுதவேண்டிய செய்கை. எங்கே இரண்டும் பிரிகின்றன, எந்த வரிக்குப் புள்ளி கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று அவர்களே குறிக்கவேண்டும். சில வேளை போன் பிழை விடும், அதைப் பிடிப்பதில் அவர்களுக்குப் பெரிய சந்தோசம். சில வேளை போனின் வழி என்னுடையதை விடச் சுருக்கமாக இருக்கும், அதையும் குறிக்கச் சொல்கிறேன்.

போன கிழமை கூம்பை உருக்கிக் கோளமாக வார்க்கும் கணக்கு. ஒரு பிள்ளை இடப்பக்கத்தை நிரப்பிவிட்டு நிமிர்ந்து, "சேர், இது கனமூலத்தை ஒரே வரியிலை போட்டிட்டுது, மடக்கை ஒண்டும் இல்லை. எனக்கு நாலு புள்ளி போயிடும்" என்றது. "அப்ப நீர் எடும் பிள்ளை" என்றேன். அலுமாரியில் இருந்த அட்டவணையை எடுத்துக் கொடுத்தேன். அட்டை கழன்று போயிருந்தது. பக்கத்தில் இருந்தவன், விரலை முதலில் நிரையில் வைப்பதா நிரலில் வைப்பதா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.